மலிவான கால்நடை மருத்துவக் கல்லூரி என்று ஒரு அட்டவணையை நம்பி 3,77,000 ரூபாய் கட்டினோம்: பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டாருக்கு

கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்து, அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயமும் இருந்தால், இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் நடந்தது இது. எழுத வேண்டாம் என்று அப்பா சொன்னார். ஊரில் நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சம் அவருக்கு. தம்பிதான் எழுதச் சொன்னான்.

தம்பிக்கு மாட்டு டாக்டர் ஆசை வந்தது ஆறாம் வகுப்பில். எங்கள் பசு கன்று போட்ட மறுநாள் படுத்தது, எழவே இல்லை. கழுத்தை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடந்தது. இது தேறாது என்றே அப்பா முடிவு கட்டிவிட்டார். அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, பால் காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்றார். கழுத்து ரத்தக்குழாயில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார். முக்கால் மணி நேரத்தில் மாடு எழுந்து நின்று சாணி போட்டது. அத்தனை நேரமும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் தம்பி. அன்றிலிருந்து அவனுக்கு வேறு படிப்பே கண்ணில் படவில்லை.

பிளஸ் டூவில் அவனுடைய கட்-ஆஃப் 200-க்கு 182. நல்ல மதிப்பெண்தான், ஆனால் போதவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் ஏழு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன: சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. மீதி 15 சதவீத இடங்கள் நாடு முழுவதற்குமான கலந்தாய்வில் நீட் மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படும். நீட் டாக்டர் படிப்புக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தம்பி அதை எழுதவே இல்லை. இதை எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை. கலந்தாய்வில் அவன் பெயர் வரவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான்.

அந்த வாரத்தில்தான் என் போனுக்கு அந்த விளம்பரம் வந்தது. கல்வி ஆலோசனை மையமாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளைக் கட்டணம், வருமானம் என்ற இரண்டு கணக்கில் ஒப்பிட்டுத் தருவார்களாம். முதல் ஆலோசனை இலவசம்.

நான் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன். பேச்சில் மயங்கமாட்டேன், கணக்கு காட்டினால் நம்புவேன். அவர்களிடம் பேச்சு குறைவாகவும் கணக்கு நிறையவும் இருந்தது. ஒரு வழவழப்பான தாளில் பன்னிரண்டு கல்லூரிகள். பெயர், மாநிலம், ஆண்டுக் கட்டணம், எத்தனை வருடப் படிப்பு, படித்து முடித்தபின் மாதச் சம்பளம், போட்ட பணம் திரும்பி வர எத்தனை மாதம். இவ்வளவும் கட்டம் கட்டமாக இருந்தது. வட மாநிலம் ஒன்றில் இருந்த ஒரு கல்லூரியின் வரிசைக்கு மட்டும் பச்சை அடித்திருந்தார்கள். ஆண்டுக்கு 1,60,000 ரூபாய், மூன்று வருடம், முடித்ததும் மாதம் 72,000. மற்ற தனியார் கல்லூரிகள் எல்லாம் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டணம். படிப்பும் ஐந்தரை வருடம்.

மூன்று வருடம் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்தது. கேட்டேன். "மேடம், இது பி.எஸ்சி. வெட்டர்னரி சயின்ஸ். புதிய கல்விக் கொள்கையில் வந்த சுருக்கமான வழி. இதை முடித்தால் பி.வி.எஸ்சி., அதாவது கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், இல்லையென்றால் இதை வைத்தே வேலைக்கும் போகலாம்" என்றார் அங்கிருந்தவர். தடுமாற்றமே இல்லாமல் சொன்னார். அப்பாவைப் பார்த்து, "ஐயா, பையன் மூணே வருஷத்துல டாக்டரா வந்து நிப்பான்" என்றார். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அதற்கப்புறம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை மணி அப்போதே அடித்தது. அதை நான் காதில் வாங்கவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை வாட்டுகிறது. கல்விக் கடனுக்கு எங்கள் வங்கிக்குப் போனோம். மேலாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இந்தப் படிப்புக்கு எந்த அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது, கடிதம் கொண்டு வாருங்கள் என்றார். ஆலோசனை மையத்து ஏஜெண்டிடம் சொன்னேன். வங்கிக்காரர்கள் இழுத்தடிப்பார்கள், இடம் போய்விடும், முதல் வருடத்தைக் கையிலிருந்து கட்டிவிடுங்கள், அடுத்த வருடம் கல்லூரியே கடன் வாங்கித் தரும் என்றார். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. கடன் தர யோசிக்கும் வங்கி நமக்கு எதிரி இல்லை. தன் பணம் திரும்பி வருமா என்று பார்க்கிற ஒருவர், நமக்காகவும் சேர்த்து ஒரு முறை பார்த்துச் சொல்கிறார். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை.

கட்டிய கணக்கு இது. ஆலோசனை மையத்துக்கு இடம் பிடித்துவைக்க 50,000. கல்லூரிக் கட்டணம் 1,60,000. விடுதி 85,000. சேர்க்கையன்று, அட்டவணையில் எங்குமே இல்லாத 'வளர்ச்சி நிதி' 60,000, ரொக்கமாக, ரசீது இல்லாமல். சீருடை, ஆய்வகம் என்று 22,000. ஆக 3,77,000. ரயில் செலவும் நகைக்கான வட்டியும் இதில் வராது. ஆண்டுக்கு 1,60,000 என்று நம்பிப் போனவர்கள் நாங்கள்.

தம்பி போனில் எதுவும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பாஷை புரியவில்லை, அவ்வளவுதான். பொங்கலுக்கு வந்திருந்தபோது கன்றுக்கு வயிற்றுப்போக்கு. அதே மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மாவுக்கு அவனை நினைவிருந்தது. எங்கே படிக்கிறாய் என்று சந்தோஷமாகக் கேட்டார். சொன்னான்.

"அனாடமி எப்படிப் போகுது? டிசெக்‌ஷன்ல எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

தம்பி முழித்தான். விலங்கின் உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் டிசெக்‌ஷன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றான். முதலாண்டு பாதி முடிந்துவிட்டதே, பண்ணையில் எத்தனை மாடு என்றார். நாலு ஆடு இருக்கிறது டாக்டர் என்றான். கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் வரும்? மருத்துவமனை இல்லை. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, சேர்க்கைக் கடிதம் போனில் இருக்கிறதா என்று கேட்டார். படிப்பின் பெயரை இரண்டு தடவை படித்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கன்றுக்கு ஊசி போட்டு முடித்து, எங்களை உள்ளே உட்கார வைத்து, பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன்.

இந்தியாவில் கால்நடை மருத்துவர் ஆக ஒரே இளநிலைப் பட்டம்தான் உண்டு. அதன் பெயர் பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச்., அதாவது கால்நடை மருத்துவ அறிவியலும் கால்நடைப் பராமரிப்பும். நான்கரை வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளிருப்புப் பயிற்சி, ஆக ஐந்தரை வருடம். பி.எஸ்சி. என்று தொடங்கும் எந்தப் பட்டமும், பக்கத்தில் வெட்டர்னரி என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், அது ஆகாது. அதிலிருந்து மூன்றாம் ஆண்டுக்குத் தாவும் வழியும் கிடையாது. எல்லோரும் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்ற பட்டம் இருந்தால்தான் மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். பதிவு இல்லாதவர் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது, அரசில் கால்நடை மருத்துவர் பதவி வகிக்கக் கூடாது, சான்றிதழில் கையெழுத்துப் போடக் கூடாது என்று 30-ஆவது பிரிவு சொல்கிறது. பட்டயம், சான்றிதழ் படித்தவர்களுக்கு அந்தப் பிரிவிலேயே ஒரு சின்ன வழி விட்டிருக்கிறார்கள். மாநில அரசு அனுமதித்தால், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளுக்கு உதவலாம். அது மதிப்பான வேலைதான், அந்த வேலையில் இருப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. தம்பி படிக்கும் படிப்புக்கு அந்த உத்தரவாதம்கூடக் கிடையாது என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. மாட்டின் கழுத்து ரத்தக்குழாயில் அவன் கால்சியம் ஏற்ற முடியாது. மூன்று வருடம் முடித்தாலும் முடியாது.

வீட்டுக்கு வந்து அந்த அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஆறு பத்தி. கட்டணம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பணம் திரும்பும் மாதக் கணக்குகூட இருக்கிறது. இந்தப் பட்டத்தை வைத்துப் பதிவு செய்ய முடியுமா என்ற பத்தி மட்டும் இல்லை. அந்தப் பத்தி இருந்திருந்தால் பச்சை வரிசைக்கு நேராக 'முடியாது' என்று போட வேண்டியிருந்திருக்கும். மற்ற பத்திகளுக்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

அந்த 72,000 எங்கிருந்து வந்தது என்றும் பிறகு விசாரித்தேன். தமிழ்நாட்டில் அரசு கால்நடை உதவி மருத்துவர் பதவிக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். அதோடு படிகளைச் சேர்த்து ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவே பி.வி.எஸ்சி. பட்டமும் கவுன்சில் பதிவும் வேண்டும். அதாவது ஒரு படிப்பின் சம்பளத்தை எடுத்து இன்னொரு படிப்பின் கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். மலிவாகத் தெரியாமல் எப்படி இருக்கும்?

உண்மையான பட்டம் படித்தவர்களுக்குமே அந்த எண் நேராகக் கைக்கு வந்துவிடுவதில்லை. அரசுப் பணிக்கான அறிவிப்பு வருடா வருடம் வருவது இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019-இல் 1,141 இடங்களுக்கு அறிவித்தது, அதற்கடுத்து 2022-இல் 731 இடங்களுக்கு. நடுவில் படிப்பை முடித்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? டாக்டரம்மா தனக்குப் பின்னால் படித்த நாலைந்து பேரின் எண்ணைக் கொடுத்தார். எல்லோரிடமும் பேசினேன். நகரத்து நாய், பூனை மருத்துவமனையில் சேர்ந்த ஒரு பெண்ணின் முதல் சம்பளம் 24,000. கோழிப்பண்ணை நிறுவனத்துக்குப் போனவருக்கு அதைவிட அதிகம், ஆனால் நாள் முழுக்கப் பண்ணை பண்ணையாக அலைச்சல். ஒருவர் வங்கியில் வேளாண் அலுவலர். ராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவுக்கு முயன்றுகொண்டிருக்கிறார் இன்னொருவர். மேல்படிப்புக்குப் போனவர் இன்னும் சம்பாதிக்கவே தொடங்கவில்லை. இத்தனை பேரையும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக அடைக்க முடியுமா? சம்பளம் என்று ஒற்றை எண்ணைக் காட்டினால், யாருடைய சம்பளம், எந்த வேலையில், சேர்ந்த எத்தனையாவது வருடத்தில் என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.

கட்டணத்தையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே தாளில் அங்கீகாரம் உள்ள ஒரு தனியார் கல்லூரியும் இருந்தது, ஆண்டுக்கு 2,90,000 என்று. நானே அந்தக் கல்லூரிக்குப் போன் செய்து கேட்டேன். விடுதியும் சாப்பாடும் 1,10,000, தேர்வு, ஆய்வகம், இதரம் 20,000. ஆக ஆண்டுக்கு 4,20,000, நான்கரை வருடத்துக்கு 18,90,000. பயிற்சி வருடச் செலவு தனி. இதுவும் எல்லாப் பாடத்திலும் தவறாமல் தேறினால்தான். ஒரு வருடம் தவறினால் விடுதிக் கட்டணம் ஒரு வருடம் கூடும். தொடக்கத்தில் 24,000 வாங்கும் பிள்ளை இந்தக் கடனை வட்டியோடு எப்போது அடைக்கும் என்று நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். போட்டுப் பார்த்த பிறகும் சேர்க்கலாம் என்று தோன்றினால் சேருங்கள், அது உங்கள் வீட்டு முடிவு. எண்களை மட்டும் ஏஜெண்டின் கையிலிருந்து வாங்காதீர்கள்.

அங்கீகாரம் என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்கு முதலில் மாணவர் சேர்க்கைக்கு அனுமதிதான் கிடைக்கும். கவுன்சிலின் ஆய்வுகள் முடிந்து, முதல் அணி படித்து வெளியே வரும் சமயத்தில்தான் அந்தப் பட்டம் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி 'கவுன்சில் அங்கீகாரம் பெற்றது' என்று பலகையில் எழுதிவிடுவார்கள். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரிப் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதில் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்கள் உண்டு. முடிந்தால் நேரில் போய், மருத்துவமனை வளாகத்தில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். நோயாளி மாடுகளும் ஆடுகளும் வந்துகொண்டிருக்கின்றனவா, மாணவர்கள் பக்கத்தில் நிற்கிறார்களா? இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். முந்தைய அணியில் யாராவது மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நாங்கள் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. சேர்க்கையன்று கட்டடத்தைப் பார்த்தோம், கட்டடம் பெரிதாகத்தான் இருந்தது.

அப்புறம் பணத்தைத் திரும்பக் கேட்ட கதை. கல்லூரி ஒரு பைசா தரவில்லை. தம்பியின் அசல் சான்றிதழ்களைக்கூட, மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று பிடித்துவைத்தார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, நகலை மானியக் குழுவுக்கும் போட்டேன். ஐந்து வாரத்தில் சான்றிதழ்கள் வந்தன. ஆலோசனை மையம் பல முறை அலைய விட்டு, 50,000-த்தில் 40,000 கொடுத்தது. மீதி 3,37,000 இன்னும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆலோசனை மையத்தின் மேல் புகார் கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இணையத்திலேயே பதிவு செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வழக்குக்கு உதவியது அந்த வழவழப்புத் தாளும், ஏஜெண்ட் அனுப்பிய குரல் பதிவுகளும்தான். அவற்றை அழித்துவிடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்த 60,000-த்துக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதை வழக்கில் சேர்க்கவே முடியவில்லை.

தம்பி ஒரு வருடத்தை இழந்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் என்று நான்கு வருட பி.டெக். படிப்புகளும் இருக்கின்றன என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மருத்துவர் ஆக முடியாது, ஆனால் பெயருக்கும் வேலைக்கும் பொருத்தம் உள்ள படிப்புகள். அந்த 182-க்கு அன்றைக்கே அதற்கும் விண்ணப்பித்துப் பார்த்திருக்கலாம். ஆலோசனைக்கு என்று பணம் வாங்கியவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் அவருக்குக் கமிஷன் கிடையாது. தம்பி இப்போது வீட்டிலிருந்து நீட் படிக்கிறான். காலையில் பால் கறந்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்கிறான். டாக்டரம்மா உயிரியல் சந்தேகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் என் தோழி ஒருத்தி, தன் அண்ணன் மகளுக்கு இது சரிவருமா பார் என்று போனில் ஒரு படம் அனுப்பினாள். மையத்தின் பெயர் மாறியிருக்கிறது, முகவரியும் வேறு. அதே பன்னிரண்டு வரிசை, அதே பச்சை. கட்டணம் 1,75,000 ஆகியிருக்கிறது, சம்பளம் 80,000. முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று கீழே எழுதியிருந்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன், இன்னும் கட்டவில்லை. அந்தத் தாள் உங்களுக்கும் வந்திருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய் அங்கிருக்கும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.